குடிக்காதவனின் ஈரல்

அது இரத்தம் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. மதுரங்குளிச் சந்தியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பகல் சோறு முடிந்து, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வயிற்றைப் புரட்டியது. குனிந்தேன். வந்தது கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. காலையில் குடித்த கோப்பி சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை சிவப்பாக, கட்டிகட்டியாக வந்தது. அதற்குப் பிறகு சீமெந்துத் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

கடைக்கு முன்னால் நிற்கும் த்ரீவீல்காரர் இருவர் என்னைத் தூக்கிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி ஸபியா அங்கே வந்து சேர்ந்தபோது வீட்டில் கட்டியிருந்த சாரியோடும் ஈரக் கையோடும் நின்றாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருக்கிறாள். ஒரு கையில் சேலைனும் மறு கையில் இரத்தமும் ஏறின. இங்கே வைத்திருக்க முடியாது, கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அம்புலன்சில் படுத்திருந்தபோது கண்ணாடிக்கு வெளியே தென்னை ஓலைகள் மட்டும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஸபியா எனது காலைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள்.

கொழும்பில் வாய்வழியாகக் கமெராக் குழாய் ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள். தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடித்தாலும் குழாய் இறங்குவது தெரியும். மூச்சு அடைக்கும், கண்ணால் நீர் வடியும், கையைத் தட்டிவிடத் தோன்றும். தாதி ஒருவர் என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார். உணவுக் குழாயில் புடைத்திருந்த இரத்த நரம்புகளுக்கு ரப்பர் வளையங்களை மாட்டி இரத்தத்தை நிறுத்தினார்கள்.

என்ன நடந்தது என்பதை அந்த வார்ட்டின் இளம் டொக்டர் மறுநாள் விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்துப் பெண். நல்ல ஈரல் பஞ்சு மாதிரி, வயிற்றிலிருந்து வரும் இரத்தம் அதற்குள் ஊறி ஓடும். என்னுடையது தழும்பு விழுந்து இறுகிக் கட்டிப்போயிருந்தது. அதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். போக வழியில்லாத இரத்தம் பக்கத்துச் சிறு நரம்புகளுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்க வைத்திருந்தது. உப்பளத்தில் மடை அடைபட்டால் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போகிறதே, அப்படி. எனக்கு அது உடனே விளங்கியது. விளங்காதது அதற்கு அடுத்த கேள்விதான்.

எவ்வளவு காலமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். குடிப்பதில்லை என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாள் இன்னொரு டொக்டர் வந்து சிங்களத்தில் அதையே கேட்டார். அதற்கடுத்த நாள் மாணவர்கள் கூட்டமாக வந்து நின்றபோதும் அதே கேள்விதான் முதலில் வந்தது. என் வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. ஆனால் அந்த வார்ட்டில் ஈரல் கெட்டுப் படுத்திருந்தவர்களில் அனேகர் குடியால் வந்தவர்கள். ஒவ்வொருவரும் முதல் நாளில் நான் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்த இரண்டு பேர் கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று நோய் தீரத் துஆக் கேட்டுவிட்டு, வெளியே போய் ஸபியாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவள் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மேர்வின் இருந்தார். சிலாபப் பக்கத்துக் கடற்றொழிலாளி. சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து கதைப்பார். அவருடைய வயிறு நீர் கோத்துப் பெரிதாகியிருந்தது, கண்கள் மஞ்சள். அவருடைய மனைவி கொண்டுவரும் பாண் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துத் தருவார். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் நானா என்றே என்னைக் கூப்பிடுவார். ஒருநாள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நான் சின்ன வயசிலேருந்து குடிச்சேன், நானா. அதான் படுத்துக் கிடக்கேன். கணக்குச் சரி. நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?”

அவர் என்னை நம்பினார் என்பதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

இரத்தச் சோதனை முடிவு வந்த அன்று டொக்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் மகள் நுஸ்ரா என் தலைமாட்டில் நின்றாள். ஊரில் பாடசாலை ஆசிரியை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“உங்களுக்கு ஹெபடைட்டிஸ் சி எண்டு ஒரு வைரஸ் இருக்கு. அதுதான் ஈரலைக் கெடுத்திருக்கு,” என்றார். “நீங்கள் சொன்னது உண்மை. குடியாலை வரேல்லை.”

நான் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னேன். ஒரு கொடிய நோயின் பெயரைக் கேட்டு அப்படிச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. இந்த வைரஸ் இரத்தத்தோடு இரத்தம் கலந்தால்தான் தொற்றும் என்று சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார். எப்போதாவது இரத்தம் ஏற்றியதா, பச்சை குத்தியதா, வெளிநாட்டில் ஊசி போட்டதா? கடைசியாகப் போதை ஊசி பற்றிக் கேட்கக் குரலைத் தாழ்த்தினார்.

“குடு ஊசி போட்டனீங்களோ? எல்லாரிட்டையும் கேக்கிறனாங்கள், கோவிக்காதேங்கோ.”

நுஸ்ரா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடிகாரன் என்ற பெயரிலிருந்து தப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று அவர் சொன்னவற்றை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். அசுத்தமான தண்ணீரால் வரும் மஞ்சட் காமாலை வேறு, இது வேறு. இது உடம்புக்குள் வந்து சத்தமில்லாமல் இருக்கும். இருபது, முப்பது வருடங்கள்கூட ஒன்றும் காட்டாது. காட்டும்போது ஈரல் போயிருக்கும். தடுப்பூசி இல்லை, ஆனால் வைரசைக் கொல்லும் மாத்திரை இருக்கிறது. ஒரே கோப்பையில் சோறு சாப்பிடுவதால் வராது, தொடுவதால் வராது, இருமலால் வராது. சவர அலகு, ஊசி, சோதிக்காத இரத்தம் இவைதான் வழி.

எங்கள் நாட்டில் இந்த நோய் மிகக் குறைவு என்றும், சில நாடுகளில் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது என்றும் சொன்னார். இங்கே இரத்தத்தை அடிக்கடி ஏற்றிக்கொள்கிறவர்களிடமும் ஊசியால் போதை ஏற்றுகிறவர்களிடமும்தான் அதிகம் பார்க்கிறார்களாம். அப்படியானால் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நுஸ்ரா கேட்டாள்.

“குறைவு எண்டுதான் சொல்லுறம்,” என்றார் டொக்டர். “ஆனா தேடிப் பாக்காத இடத்திலை எத்தினை பேர் எண்டு ஆருக்குத் தெரியும்?”

எனக்கு அப்போது சயீதின் ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கு முன் சில வருடங்கள் சவூதியில் ஒரு தொழிலாளர் முகாமின் சமையலறையில் வேலை செய்தேன். சயீத் எகிப்துக்காரர், என் அறையில் இருந்தவர். வெள்ளிக்கிழமை காலைகளில் அறையில் எல்லோருக்கும் ஒரே அலகால் தலை வழித்து, தாடி ஒதுக்கிவிடுவார். நல்ல கை. அவருடைய வாப்பாவும் பெரிய நானாவும் ஈரல் நோயில் மவுத்தாகி அடக்கப்பட்டவர்கள். நைல் ஆற்றங்கரையில் அவருடைய கிராமத்தில் அது சாதாரணம், வீட்டுக்கொருவர் என்பார். எங்கள் ஊரில் கண் பார்வை மங்கியதைச் சொல்வதுபோல் அதைச் சொல்வார். இதை டொக்டரிடம் சொன்னேன். அப்படியும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். நான் மனதுக்குள் நிச்சயமாக்கிக்கொண்டேன்.

வைரஸ் இப்போதும் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இன்னொரு சோதனை வேண்டும். அதன் முடிவு வரப் பல நாட்கள் ஆகும். காத்திருந்த அந்த நாட்களில்தான் மேர்வின் போனார். பார்வையாளர் நேரம். அவருடைய மனைவி மீன்கறிச் சோறு கொண்டுவந்து மூடியைத் திறந்துகொண்டிருந்தார். மேர்வின் ஒரு பக்கம் சாய்ந்தார். எனக்கு வந்ததைப் போலவே, ஆனால் நிற்காமல் வந்தது. திரை இழுக்கப்பட்டது. உள்ளே ஓடிப் போனவர்களின் செருப்புகள் மட்டும் திரைக்குக் கீழே தெரிந்தன. அவருடைய மனைவி சோற்றுப் பெட்டியோடு என் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தொண்டைக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டார்கள். இருட்டுவதற்குள் வேறொருவர் வந்து படுத்தார்.

சோதனை முடிவு வந்தது. வைரஸ் இருந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன் உடம்பு தேற வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் வயிற்றில் நீர் கோக்கும். உப்பு விளையும் ஊரில் பிறந்த சமையற்காரனுக்கு அதைவிடத் தண்டனை இல்லை. முதலில் ஸபியா எனக்குத் தனிச் சட்டி வைத்தாள். பிறகு ஒருநாள் அவளுடைய கோப்பையிலிருந்து ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டேன். அதிலும் உப்பில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, ரெண்டு சட்டி கழுவ அலுப்பாக இருக்கிறது என்றாள்.

ஊருக்கு நோயின் பெயர் எப்படியோ தெரிந்திருந்தது. நுஸ்ராதான் ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கினாள், சாப்பாட்டால் வராது, தொட்டால் வராது என்று. கேட்டவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். கடைக்கு வருவது மட்டும் குறைந்தது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன த்ரீவீல்காரர்கள் இருவர் மட்டும் நாள் தவறாமல் வந்து, எல்லோருக்கும் தெரியும்படி முன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஸபியாவின் உறவில் ஒரு கலியாணம் வந்தது. எங்கள் விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது வழக்கம். எனக்கு இடம் காட்டி உட்கார வைத்தார்கள். மற்ற சஹன்கள் நிறைந்தன. என்னுடையதில் நானும் காது கேளாத ஒரு கிழவரும் மட்டும் இருந்தோம். ஒருவர் வந்து குனிந்தார், என்னைப் பார்த்தார், யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் போனார். கடைசியில் மாப்பிள்ளையின் வாப்பா ஒரு தனிக் கோப்பையில் எனக்குச் சோறு போட்டு, “நோயாளி, ஆறுதலாச் சாப்பிடட்டும்,” என்றார். நல்ல மனிதர். எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். நான் சாப்பிட்டேன். எழுந்து போகவும் முடியவில்லை.

அடுத்த கிளினிக்கில் ஸபியாவிடமிருந்தும் நுஸ்ராவிடமிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். வழமையான சோதனை, கணவன் மனைவிக்குள் இது தொற்றுவது அபூர்வம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். முடிவைக் கேட்கப் போனபோது அதே யாழ்ப்பாணத்து டொக்டர் என்னை விட்டுவிட்டு ஸபியாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவளுக்கும் இருந்தது. நுஸ்ராவின் மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டும், முதல் தடவை சரியாக வரவில்லை என்றார்.

நான்தான் கொடுத்தேன், நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டொக்டர் ஸபியாவிடம் எப்போதாவது இரத்தம் ஏற்றியதா என்று கேட்டார். அவள், மூத்த பிள்ளை பிறந்த நேரத்தில் ஏற்றியது என்றாள்.

மூத்த பிள்ளை நுஸ்ரா என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு முன் எங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. ஸபியாவுக்கு இரத்தம் நிற்காமல் போய், போத்தல் போத்தலாக ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அந்த நாட்களைப் பற்றி அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் கொடுத்த இரத்தத்தை எல்லா இடத்திலும் இந்த வைரசுக்குச் சோதித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, அதுவும் ஒரு வழியாக இருக்கலாம் என்றார் டொக்டர். அப்படியென்றால் அதற்குப் பிறகு பிறந்த நுஸ்ராவுக்கு? பிறக்கும்போது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது குறைவு, ஆனால் போகலாம்.

நுஸ்ராவின் முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடமாடினோம். ஸபியா தன்னுடைய நகவெட்டியை எடுத்து அலுமாரிக்குள் ஒளித்து வைத்தாள். என் சவர அலகை நான் புதைத்தேன். இரண்டும் இனிமேல் எதற்கும் உதவாத வேலைகள். நுஸ்ரா பாடசாலைக்குப் போய் வந்தாள், பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினாள், எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். ஒருநாள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“வாப்பா, எனக்கு இருந்தாலும் மாத்திரைதானே. நீங்க ரெண்டு பேரும் இப்பிடி இரிக்கிறதத்தான் என்னால தாங்க ஏலாம இரிக்கி.”

அவளுக்கு இருக்கவில்லை. அதைத் தொலைபேசியில் கேட்டதும் ஸபியா அப்படியே தரையில் உட்கார்ந்து நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்தாள்.

மாத்திரை தொடங்கும் நாளில் நாங்கள் இருவரும் கிளினிக் மேசைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். ஸபியாவின் ஈரல் இன்னும் நன்றாக இருக்கிறது, சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்றார் டொக்டர். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகு அவர் பேனாவை வைத்துவிட்டு, ஒரு விசயம் கேட்க வேண்டும் என்றார்.

“இந்த வைரசிலை வகையள் இருக்கு. எகிப்து, சவூதிப் பக்கம் கூடுதலாக் காணுறது ஒண்டு. எங்கட பக்கம் காணுறது வேறை. அந்தச் சோதனையைச் செய்தால் எங்கயிருந்து வந்ததெண்டு ஒரு ஊகம் கிடைக்கும். மருந்துக்கு அது தேவையில்லை. எந்த வகைக்கும் இதே மாத்திரைதான். நீங்கள் விரும்பினால் செய்யலாம்.”

நான் விரும்பினேன். அந்த நாட்டு வகை என்றால் சயீதின் சவர அலகு. அப்படியானால் ஸபியாவுக்குக் கொடுத்தது நான். இந்த நாட்டு வகை என்றால் அவளைக் காப்பாற்றிய இரத்தம், அவள் வழியாக எனக்கு. எதுவானாலும் ஒரு பதில். குடித்தாயா, ஊசி போட்டாயா என்று எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள், அவர்களுக்கு முன்னால் நீட்டுவதற்கு ஒரு பதில். ஸபியாவைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருந்து ஒண்ணுதானே டொக்டர்?” என்றாள்.

“ஓம், ஒண்டுதான்.”

“அப்ப வேணாம்.”

வெளியே நடைக்கூடத்தில் வைத்து ஏன் என்று கேட்டேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“யாருட்டேருந்து வந்திச்சிண்டு தெரிஞ்சா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் மவுத்தாகுற வரைக்கும் அதோட இரிக்கணும். எனக்கு ஏலா. ஒங்களுக்கு ஏலுமா?”

ஏலாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இன்றுவரை சில வேளைகளில் தெரிந்துகொள்ள ஆசை வருகிறது.

இருவரும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து மாத்திரை போட்டோம். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்குத் தலையிடியும் அலுப்பும் இருந்தன. நடுவில் ஒருமுறை திரும்பவும் இரத்தம் வந்து, வார்ட்டில் போட்டு, திரும்பவும் வளையம் மாட்டினார்கள். மாத்திரை முடிந்து, அது உண்மையில் வேலை செய்ததா என்று பார்க்கச் சில மாதங்கள் காத்திருந்தோம். இந்த நோயில் சிகிச்சையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம்.

போன கிளினிக்கில் முடிவு சொன்னார்கள். இருவரின் இரத்தத்திலும் வைரஸ் இல்லை. டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். ஸபியாவிடம், அம்மா, நீங்கள் இனி வரத் தேவையில்லை, உங்களுக்கு முழுதாகச் சுகம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். வைரஸ் போய்விட்டது, ஆனால் இறுகிப்போன ஈரல் பழையபடி ஆகாது. ஆறு மாதத்துக்கொரு தடவை ஸ்கேன் எடுக்க வேண்டும், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க. நரம்புகளைப் பார்க்கக் குழாய் விட வேண்டும். இது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். இருக்கும் வரைக்கும் என்றார்.

எப்போதோ இரத்தம் ஏற்றியவர்கள், வெளிநாட்டில் ஒரே அலகில் சவரம் செய்தவர்கள், நல்ல உடம்போடு இதை வாசிக்கிறவர்கள், ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். என் வீட்டில் ஒருவர் நேரத்தோடு தப்பினார். அது நான் விழுந்ததால்.

வெளியே வந்து மரத்தடி வாங்கில் உட்கார்ந்தோம். நான் பேச்சை மாற்ற, நுஸ்ராவுக்கு நல்ல செய்தி சொல்லு, கோல் எடு என்றேன். ஸபியா போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அழத் தொடங்கினாள். நான் தரையில் விழுந்தபோதும், மேர்வினின் கட்டில் காலியானபோதும், தன்னுடைய முடிவு வந்தபோதும் அழாதவள்.

“எனக்கு மட்டும் சொகமாகிட்டுதே,” என்றாள்.

நல்லதுதானே என்று சொல்லலாம். சொன்னேன். அவள் கேட்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். அழுகிறவள் நோயாளி, பக்கத்தில் இருப்பவன் துணைக்கு வந்தவன் என்றுதான் நினைத்திருப்பார்கள். புத்தளம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவளுடைய அழுகை ஓயும்வரை நான் பக்கத்தில் இருந்தேன்.